‘ரன்’ என்ற ஒரு சொல்: கரையோர ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, கடலோரப் பாடசாலைகளிலும் மாலைநேர டியூசன் வகுப்புகளிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

 

நமது பிள்ளைகள் மூன்றாம் தரத்தில் ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுக்கிறார்கள். பதினோராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை ஒன்பது வருடம் அந்தப் பாடம் அவர்களோடு வருகிறது. அந்த ஒன்பது வருடக் கொப்பிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதியைப் பற்றித்தான் இந்த மடல்: ஒத்தகருத்துச் சொற்பட்டியல். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதற்குச் சமன் என்று நாலைந்து சொற்கள், நடுவில் கணிதத்தில் போடுவதுபோல் ஒரு சமன்குறி. பிள்ளை அதை இரவில் மனப்பாடம் செய்கிறது, காலையில் ஒப்புவிக்கிறது, பரீட்சை முடிந்ததும் மறக்கிறது. மறக்காத பிள்ளைக்கும் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வசனம் பிறப்பதில்லை. பிள்ளையின் மூளையிலோ ஆசிரியரின் உழைப்பிலோ குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்தச் சமன்குறி பொய் சொல்கிறது. பட்டியலைக் குறைத்து, ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான சில சொற்களை, அவற்றின் பல கருத்துகளோடும் அவை சேரும் துணைச்சொற்களோடும் ஆழமாகக் கற்பியுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

‘ரன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ஓடு’ என்று மூன்றாம் தரத்திலேயே கற்பித்துவிட்டு, முடிந்தது என்று நாம் கடந்துபோகும் சொல் அது. ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதியில் நீண்ட காலம் மிகப் பெரிய பதிவாக இருந்தது ‘செட்’ என்ற சொல். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு அதன் வினைச்சொல்லுக்கு 430 கருத்துகள் கொடுத்தது. அதன்பின் அகராதிக்காரர்கள் ‘ரன்’ பதிவைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 கருத்துகள் கிடைத்தன. மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு சொல். அந்த 645ஐயும் யாரும் படிக்கத் தேவையில்லை. ஆனால் அவற்றுள் பதினைந்து இருபது கருத்துகள் இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு நாளைக் கடத்த முடியாது. பஸ் ரன் பண்ணுகிறது, எஞ்சின் ரன் பண்ணுகிறது, ஒருவர் கடையை ரன் பண்ணுகிறார், தடிமன் பிடித்த பிள்ளைக்கு மூக்கு ரன் பண்ணுகிறது, அரிசி தீர்ந்தால் வீட்டார் ‘ரன் அவுட் ஆஃப் ரைஸ்’, சந்தையில் பழைய நண்பரைத் தற்செயலாகக் கண்டால் ‘ரன் இன்டு’, தலைமுறைதோறும் வரும் சீனி வருத்தம் ‘ரன்ஸ் இன் த ஃபாமிலி’. கிரிக்கெட்டில் எண்ணப்படுவதும் அதுதான். நம்பிக்கை இழந்த மக்கள் ஒரே நேரத்தில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் வங்கிக்கு நேர்வதும் ஒரு ‘ரன்’தான். மருதமுனை நெசவாளர் ஒருவர், தன் சாறனின் சாயம் கழுவினாலும் போகாது என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டுமானால், அவருக்குத் தேவைப்படும் வினைச்சொல்லும் இதுவே. நிறம் ‘ரன்’ ஆகாது.

இப்போது பட்டியலுக்கு வருவோம். ‘ரன்’ என்பதற்குச் சமன் என்று ‘ஸ்பிரின்ட், டாஷ், ஒப்பரேட், மனேஜ், ஃப்ளோ, கொன்டெஸ்ட்’ என எழுதிக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உண்மைதான். ஆனால் எந்த இடம் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. ஆறு ‘ஃப்ளோ’ ஆகும், கடை ஆகாது. கடையை ‘மனேஜ்’ செய்யலாம். மூக்கை ‘மனேஜ்’ செய்ய முடியாது. எஞ்சின் ‘ஒப்பரேட்’ ஆகும். துணியின் நிறம் ஆகாது. கருத்துப் பொருந்தும் இடத்திலும் தொனி மாறுகிறது. ‘ஹி ரன்ஸ் எ ஷொப்’ என்றால் வீட்டில் பேசும் ஆங்கிலம். ‘ஒப்பரேட்ஸ்’ என்று மாற்றினால் அது பதிவுப் பத்திரத்தின் மொழியாகிவிடுகிறது. தேர்தலில் நிற்பதைச் சொல்ல அமெரிக்கர் ‘ரன்’ என்பார், பிரித்தானியர் ‘ஸ்டாண்ட்’ என்பார், இலங்கையிலும் இந்தியாவிலும் ‘கொன்டெஸ்ட்’ என்போம். ஒரே செயல், மூன்று நாட்டு வழக்கு. ஆறு சொற்களையும் ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஆறில் எதை எங்கே வைப்பது என்று தெரியாது. தெரியாததால் அது வாய் திறப்பதே இல்லை.

நமது தமிழிலேயே இதற்குச் சான்று கிடக்கிறது. நாம்தான் அதை வகுப்பறைக்குள் கொண்டுவரவில்லை. ‘ஓடு’ என்ற சொல் நமது கரையில் என்னென்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மணிக்கூடு ஓடுகிறது. படம் ஓடுகிறது. கடை நல்லாய் ஓடுகிறது. மனதில் யோசனை ஓடுகிறது. செய்தித்தாளில் துடுப்பாட்டக்காரர் ஓட்டங்களைக் குவிக்கிறார். விஞ்ஞான நூலில் மின்னோட்டமும் குருதியோட்டமும் வருகின்றன. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று அந்தத் தலைமுறை நம்பியதற்கு, இப்படி ஒரு எளிய வினைச்சொல் பல துறைகளுக்கும் கிளைவிடும் இயல்பு ஒரு பெரிய ஆதாரம். பல கருத்துள்ள சொல் என்பது ஆங்கிலத்தின் விசித்திரம் என்று பயப்படும் பிள்ளைக்கு, அது காலை முதல் இரவு வரை அதையேதான் தமிழில் செய்துகொண்டிருக்கிறது என்று காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டு மொழிகளும் பிரியும் இடம்தான் பாடத்தின் உயிர். இந்தியத் தமிழர் காரை ‘ஓட்டுவார்’. நாம் கார் ‘ஓடுவோம்’. ‘வாப்பா பஸ் ஓடுறார்’ என்பது நமது ஊரில் குறையே இல்லாத தமிழ். அந்தப் பிள்ளை அதை அப்படியே பெயர்த்து ‘மை ஃபாதர் ரன்ஸ் எ பஸ்’ என்று சொன்னால், இலக்கணத்தில் ஒரு பிழையும் காண முடியாது. கேட்கும் ஆங்கிலேயர் மட்டும், வாப்பா ஒரு பஸ்ஸைச் சொந்தமாக வைத்துத் தொழில் நடத்துகிறார் என்று விளங்கிக்கொள்வார். சாரதி முதலாளியாகிவிட்டார். கடைச்சாமான் ‘ஓடுது’ என்றால் விற்பனையாகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘செல்’ வேண்டும். இந்தப் பிழைகளை எந்த ஒத்தகருத்துப் பட்டியலும் தடுக்காது. ‘ரன்’னையும் ‘ஓடு’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே சேருகிறார்கள், இங்கே பிரிகிறார்கள் என்று காட்டும் ஆசிரியரால் மட்டுமே தடுக்க முடியும். இந்த வேலையை லண்டனில் அச்சிட்ட பயிற்சிப் புத்தகம் செய்யாது. கொழும்பில் எழுதிய புத்தகம்கூடச் செய்யாது. கல்முனைத் தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த உங்களால்தான் ஆகும்.

ஒரே கருத்துள்ள இரண்டு சொற்கள் உண்மையில் இருக்கின்றனவா என்ற கேள்விக்கும் பதில் நமது வீடுகளிலேயே இருக்கிறது. சாவைக் குறிக்க நமக்கு எத்தனை சொற்கள்! அயலில் ஒருவர் மௌத்தாகிறார். மார்க்க அறிஞரோ மதிப்புக்குரிய பெரியவரோ வபாத்தாகிறார். நல்ல காரியத்தில் உயிர் கொடுத்தவர் ஷஹீதாகிறார். பத்திரிகை அறிவித்தலில் காலமாகிறார். ஆடு செத்துப்போகிறது. ஆடு மௌத்தானது என்று நமது ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லாது. மனிதரைச் செத்தார் என்று சொன்னால் உம்மா உடனே திருத்துவார். அகராதி இவற்றை ஒரே வரியில் சமன் என்று எழுதலாம். பேசுகிறவருக்கு ஒவ்வொன்றும் வேறு மரியாதை, வேறு இடம், வேறு துக்கம். நமது தாய்மொழியில் இவ்வளவு நுட்பமாக நடந்துகொள்ளும் நாம், ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நியாயமா?

நமது மத்ரஸாக்களில் போற்றப்படும் அறபு மொழி மரபு இந்தக் கேள்வியை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே விவாதித்துவிட்டது. சிரியாவின் ஹலப் நகரில், ஆட்சியாளர் ஸைஃபுத் தௌலாவின் அவையில் நடந்ததாக மொழி அறிஞர்கள் பதிவுசெய்த ஓர் உரையாடல் உண்டு. வாளுக்கு ஐம்பது பெயர்கள் தனக்கு மனப்பாடம் என்று இப்னு காலவைஹ் பெருமைப்பட்டாராம். தனக்குத் தெரிந்தது ‘ஸைஃப்’ என்ற ஒரே பெயர்தான், மற்றவை வாளின் குணங்கள் என்று அபூ அலீ அல்ஃபாரிஸீ மறுத்தாராம். ‘முஹன்னத்’ என்றால் இந்தியாவில் செய்த வாள், ‘ஸாரிம்’ என்றால் வெட்டும் கூர்மையுள்ள வாள். பெயரென்று எண்ணியது ஒரு பண்பு. அதே காலத்து அபூ ஹிலால் அல்அஸ்கரி, சமன் என்று கருதப்படும் சொற்களுக்கிடையிலான வேறுபாடுகளை விளக்கவே ஒரு முழு நூல் எழுதினார். அதற்கும் முன்னால், 767இல் மறைந்த முகாத்தில் இப்னு ஸுலைமான் குர்ஆனில் வரும் பலகருத்துச் சொற்களைத் தொகுத்தார். ‘ஹுதா’ (நேர்வழி) போன்ற ஒரு சொல் எந்த வசனத்தில் எந்தக் கருத்தைத் தருகிறது என்று வசனம் வசனமாகக் காட்டினார். சொல்லின் கருத்தை அது நிற்கும் வசனம்தான் தீர்மானிக்கிறது என்பது அந்தத் துறையின் அடித்தளம். இன்று ஆங்கிலம் கற்பிக்க நான் கேட்பதும் அதே முறைதான்.

ஆங்கிலம் கற்பித்தலின் வரலாறும் இந்தப் பக்கமே சாட்சி சொல்கிறது. அதன் பெரிய பெயர்கள் சில நமது துணைக்கண்டத்து வகுப்பறைகளோடு தொடர்புள்ளவை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்குக் காரணம் தேடியவர். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள்தான் இருந்தன. அதன் அருமை சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. ஒரு சொல்லின் ஒவ்வொரு கருத்தும் எத்தனை சதவீதம் புழங்குகிறது என்ற கணக்கும் அதில் இருந்தது. எந்தக் கருத்தை முதலில் கற்பிப்பது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது என்று ஆசிரியர் முடிவெடுக்க அது உதவியது. அதற்கு முன், 1930இல், மொழியியலாளர் ஒக்டன் 850 சொற்களால் ஒரு அடிப்படை ஆங்கிலத்தை வகுத்தபோது, வினைச்சொற்கள் பதினெட்டே போதும் என்றார்: கம், கெட், கிவ், கோ, கீப், மேக், புட், டேக் போன்றவை. அவருடைய திட்டத்தை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. எனக்கும் அதில் உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் ஒரு மொழியின் பாரத்தைச் சுமப்பவை சின்னச் சொற்கள் என்பதில் அவர் தவறவில்லை. லாகூரில் பேராசிரியராக இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய மொழியியலாளர் ஃபேர்த், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறியலாம் என்று பின்னாளில் எழுதினார். இன்று கற்போருக்கான ஆங்கில அகராதிகள் கருத்துகளுக்கு எடுத்துக்காட்டு வசனங்கள் தருவதும் அந்தச் சிந்தனையோடு ஒத்துப்போகிறது. தமிழில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் கருத்துக்குக் கருத்து எடுத்துக்காட்டு வசனம் கொடுக்கிறது. இலங்கை வழக்குகளைத் தனியே குறிக்கவும் செய்கிறது.

உங்களில் பலர் சொல்லப்போகும் மறுப்புகளை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவது, பரீட்சை. சாதாரண தர வினாத்தாளில் ஒரு பந்தியைத் தந்து, இந்தக் கருத்துள்ள சொல்லை அதிலிருந்து எடுத்தெழுது என்று கேட்கிறார்களே, பட்டியல் இல்லாமல் எப்படி என்பீர்கள். அந்த வினாவை ஊன்றிப் பாருங்கள். விடை பந்திக்குள் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிள்ளை முன்பு பார்த்திராவிட்டாலும், சுற்றியுள்ள வசனங்களைக் கொண்டு கருத்தை ஊகித்தால் விடை கிடைக்கும். பட்டியல் படித்த பிள்ளையோ, பட்டியலில் இருந்த சொல் பந்தியில் வேறு கருத்தில் வந்தால் ஏமாந்துபோகும். வளைகுடாவுக்கும் மேற்கத்திய நாடுகளுக்கும் படிக்கவோ தொழிலுக்கோ போக ஐஈஎல்டிஎஸ் எழுதும் இளைஞர்களைப் பற்றியும் கேட்பீர்கள். அந்தப் பரீட்சையின் புள்ளி வழங்கும் விதிகளே, ஏழாம் மட்டத்தில், அரிதான சொற்களைப் பயன்படுத்துவதோடு எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற உணர்வையும் தொனி அறிவையும் எதிர்பார்க்கின்றன. இடம் தெரியாமல் வைத்த பெரிய சொல் புள்ளியைக் கூட்டாது.

இரண்டாவது மறுப்பு மரபிலிருந்து வரும். நமது முன்னோர் நிகண்டுகளை மனப்பாடம் செய்துதானே புலவரானார்கள்? உண்மை. ஆறுமுக நாவலர் பதிப்பித்த சூடாமணி நிகண்டைத் தலைமுறை தலைமுறையாக மாணவர் நெட்டுருச் செய்தார்கள். ஆனால் அதைக் கையில் எடுத்தவர் தமிழைத் தாயிடம் கற்றுவிட்டு வந்தவர். சொல்லின் இடம் அவருக்கு முன்பே தெரியும், செய்யுள் கட்ட மாற்றுச் சொல் மட்டுமே வேண்டியிருந்தது. 1852இல் வெளிவந்த ரொஜெட் என்ற மருத்துவரின் ஆங்கிலச் சொற்களஞ்சியமும் ஆங்கிலம் அறிந்தவர் எழுதும்போது சொல் தேடவே செய்யப்பட்டது. மொழியே தெரியாதவருக்கு அதைப் பாடநூலாக்குவது அந்த மருத்துவர் நினைத்தும் பாராத காரியம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் பதினோராவது, ஒரு சொல்லின் பல பொருள்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நாம் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு பதினோராம் தொகுதியை விட்டுவிட்டோம்.

மூன்றாவதாக, ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற அச்சம். வகுப்பு முழுவதும் தமிழில் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் அனுமதித்தாலும் மறுத்தாலும் பிள்ளையின் மனது தமிழ் வழியாகவே ஆங்கிலத்துக்குப் போகிறது. ‘ரன்ஸ் எ பஸ்’ என்ற வசனம் அதற்குச் சாட்சி. மறைவில் நடக்கும் ஒப்பீட்டைத் திருத்த முடியாது; கரும்பலகையில் எழுதினால் திருத்தலாம். நான்காவதாக, நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற முறைப்பாடு மற்றவற்றைவிடக் கனமானது. கிராமப்புறப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறையையும் நான் அறிவேன். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இருபது சொற்களை எழுதிப்போட்டு, பார்த்தெழுதவைத்து, மறுநாள் ஒப்புவிக்கவைக்கும் நேரத்தை ஒரு சொல்லின் நாலு வசனங்களுக்குக் கொடுத்தால், புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை என்பது மட்டும் உறுதி.

எனவே என் வேண்டுகோள் சிறியது. அடுத்த தவணையில், நீங்கள் கற்பிக்கும் வகுப்புகளில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒத்தகருத்துப் பட்டியல் கொடுக்காதீர்கள். ‘ரன்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பஸ், எஞ்சின், வாய்க்கால், கடை, மூக்கு, கைத்தறிச் சாயம், அரிசிப் பானை என்று பிள்ளைகளின் சொந்த உலகத்திலிருந்து ஒவ்வொரு வசனமாக அவர்களையே கட்டச் சொல்லுங்கள். எங்கே தமிழ் ‘ஓடு’ கூட வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று கேளுங்கள். அடுத்த வாரம் ‘டேக்’, அதற்கடுத்து ‘கெட்’. தவணை முடிவில் அந்த வகுப்பின் கொப்பிகளைப் பட்டியல் படித்த இன்னொரு வகுப்பின் கொப்பிகளோடு ஒப்பிட்டு, எந்தப் பிள்ளைகள் சொந்தமாக வசனம் எழுதியிருக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். கிடைத்த முடிவை உங்கள் வலயத்து ஆசிரியர் செயலமர்வில் மற்ற ஆசிரியர்கள் முன் வையுங்கள். அது என் வாதத்துக்கு எதிராக இருந்தாலும் வையுங்கள்.